பிரிண்டர் வயர்

மலையாண்டி கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்துக்கொண்டே ஐஸ் பாக்டரி ஆபீஸ் சன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே மேசைக்கடியில் மல்லாந்து கிடந்து வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தான் கம்ப்யூட்டர் மெக்கானிக் சஃபீர்.

"கத்துமா தம்பி?"

"கத்தும்ணே. கத்துனா கொக்கியப் போட்டுட்டு வெளிய ஓடிருங்க."

அமோனியா கசிந்தால் சொல்லும் கருவி அந்தக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில்தான் செருகியிருந்தது. மண்டபம் கடற்கரையின் உப்புக்காற்று அந்தப் போர்ட்டைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்தது பிரிண்டருக்கான பேரலல் போர்ட் ஒன்றுதான். அதன் ஒரு துளை வழியாகக் கருவியின் சேதியைப் படிக்க சஃபீர் சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதினான். அமோனியா நனைத்த துணியைக் காட்டியதும் ஸ்பீக்கர் அலறியது. மலையாண்டி வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப பில்லு எதுல அடிக்க?" என்றாள் ஆபீஸ் வேலை பார்க்கும் செவ்வந்தி.

"ரெண்டும் ஒண்ணா ஓடாது மொதலாளி. பிரிண்டருக்குத் தனியா ஒரு கார்டு வாங்கிப் போட்டுருவோம்," என்றான் சஃபீர், வாசலில் நின்ற பாக்டரி முதலாளியிடம்.

"பாப்போம்," என்றார் முதலாளி. அதற்குமேல் அவர் எதையும் பார்த்ததில்லை.

மறுவாரம் போன் வந்தது. சஃபீர் வண்டியை விரட்டி வந்தபோது வாசலிலேயே அமோனியா நெடியில் கண் எரிந்தது. மலையாண்டியை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், உச்சிப்புளியிலேயே உயிர் போய்விட்டது.

"வாடை வருது, வாங்கண்ணேன்னு கத்துனோம். மிஷினு கத்தலயே, இது எப்பவும் வர்ற வாடைதான்னு உள்ளயே நின்னுட்டாரு!" செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

கத்தினால் ஓடுங்கள் என்று சொன்னவன் சஃபீர். கத்தாதவரை நிற்கலாம் என்று மனுஷன் நம்பியிருக்கிறார்.

ஆபீசுக்குள் ஓடினான். கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் வயர் செருகியிருந்தது. அவன் பற்றவைத்த வயர் தரையில் கிடந்தது.

"லோடு ஏத்துற நேரம். பில் அடிக்கணும், அதைக் கழட்டுன்னு மொதலாளி சொன்னாகண்ணே..." என்றாள் பின்னாலேயே வந்த செவ்வந்தி.

முதலாளி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "ஆபீசருங்க வந்துக்கிட்டிருக்காங்க. சட்டுன்னு அதை மாட்டிரு சஃபீர்."

"யா அல்லாஹ்!" என்றான் சஃபீர். கை தன்பாட்டுக்கு வயரை எடுத்துச் செருகியது.

ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது.

"ஏலே, சத்தத்தக் குறைடா!"

சன்னலுக்கு வெளியே யாருமில்லை. பாதி இழுத்துவிட்ட ஐஸ் பாளத்தில் மலையாண்டியின் கொக்கி மாட்டியபடியே இருந்தது.