இரண்டு பேர் திறந்த கோப்பு

ஊசி ஏறும் முன், வார்டில் இருந்த ஒரு பெண்ணின் அம்மா நர்ஸின் கையைப் பிடித்துவிட்டாள். "இந்த மருந்து இவளுக்கு ஆகாதுன்னு நேத்தே எழுதிக் குடுத்தேனே!" பெண் தப்பித்தாள். பழி என் அண்ணியின் தலையில் விழுந்தது.

யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற பட்டியல் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக இருந்தது. மாடியில் பதிவுப் பிரிவில் அண்ணியும், கீழே சேர்க்கை கவுண்டரில் நானும் ஆளுக்கொரு திரையில் அதைத் திறந்து வரி சேர்ப்போம். அந்த அம்மா எழுதிக் கொடுத்த படிவத்தில் அண்ணி 'பதிந்தது, 11.20' என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். கோப்பில் அந்த வரி இல்லை.

"அடிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்று விளக்கம் கேட்கும் தாளை நீட்டினார் கண்காணிப்பாளர். மாலைக்குள் பதில் தராவிட்டால் வேலை போய்விடும்.

"என் கையால அடிச்சேன் சார்," என்பதையே அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மதியம் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். நேற்று 11.10க்குக் கோப்பைத் திறந்திருக்கிறேன். நடுவில் ஒரு ஃபோன். சேமித்தது 11.24. என் திரையில் இருந்தது அண்ணி எழுதுவதற்கு முந்தைய நகல். அதை நான் அப்படியே சேமித்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவளே அண்ணிதான். படியேறினேன்.

"சார், அந்த வரியை அழிச்சது நான்தான்."

அண்ணி விருட்டென்று திரும்பினாள். "என்னடி உளர்றே?"

"தெரிஞ்சு செய்யலை அண்ணி. இப்பவே காட்டறேன்."

சோதனைக்கென்று ஒரு வெற்றுக் கோப்பை மாடியிலேயே இரண்டு திரைகளில் இருவரும் ஒரே நேரத்தில் திறந்தோம். அண்ணி 'கண்காணிப்பாளருக்கு ஆஸ்பத்திரி காபி ஆகாது' என்று அடித்துச் சேமித்தாள். அவர் சிரிக்கவில்லை. பிறகு நான் என் வரியைச் சேமித்தேன். அவர் திறந்து பார்த்தார். என் வரி மட்டும் இருந்தது.

"இவங்க எழுதினது எங்கே போச்சும்மா?"

"என் பழைய நகல் அதை மூடிடுச்சு சார். கம்ப்யூட்டர் மூச்சே விடலை பாருங்க."

நம்பாமல் அவரே உட்கார்ந்து இன்னொரு முறை செய்தார். இம்முறை காணாமல் போனது அவர் அடித்த வரி. அண்ணிக்குக் கொடுத்த தாளை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார்.

"இனிமே ஒரு சமயத்துல ஒருத்தர்தான் திறக்கணும். ஒருத்தர் திறந்தா மத்தவங்களுக்குப் பூட்டிக்கிற மாதிரி செஞ்சு தரச் சொல்றேன்," என்றவர், குரல் தாழ்த்தி, "எத்தனை நாளா இப்படிப் போயிருக்கும்?" என்றார்.

அதற்குப் பதில் படிவக் கட்டுகளில்தான் இருந்தது. அண்ணி உரக்க வாசிக்க, நான் கோப்பில் தேடினேன். கடந்த இரண்டு மாதப் படிவங்களில் பதினேழு பேரின் வரி கோப்பில் இல்லை. அதில் நாலு பேர் இன்னும் வார்டில். ஒவ்வொரு பெயர் அகப்பட்டதும் அண்ணி, "புடிச்சாச்சு!" என்று மேஜையைத் தட்டினாள். கண்காணிப்பாளரே வார்டுகளுக்கு ஃபோன் போட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது இருவரும் மூன்றாவது வார்டு வழியாக வந்தோம். எட்டாம் படுக்கையின் தலைமாட்டில் ஒரு நர்ஸ், ஆகாத மருந்தின் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். படுக்கையில் இருந்தவர், அந்த நாலு பேரில் ஒருவர், வாயைத் திறந்தபடி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.