முட்டைக்கு முந்திய தவணை

உலகத்தார் அனைவரும் கவனிக்க: ஜகார்த்தாவுக்குக் கிழக்கே பிரபெஸ் வட்டாரத்தில், வெங்காய வயல்களுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு சிற்றூரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு வறுமை ஒழிக்கப்பட்டது. ஒழிப்பு விழா கடன் குழுத் தலைவி துரிபா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நடந்தது. பத்துப் பெண்கள் நெஞ்சில் கை வைத்து, கடனை ஒழுங்காகக் கட்டுவோம், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டுவோம் என்று உறுதிமொழி சொல்லிக் கைதட்டினார்கள். கைதட்டுவது கடன் கொடுக்கும் நிறுவனத்தின் விதி. பிறகு நிறுவனத்துப் பையன் ஹெந்த்ரோ பணக்கட்டுகளைக் கொடுத்தான். வறுமை அப்போதே வாசல் வழியாக வெளியேறிவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போனது.

கஸ்மினி அந்தப் பத்தில் ஒருத்தி. வாத்து முட்டைகளை விலைக்கு வாங்கி, செங்கல் பொடியும் உப்பும் சாம்பலும் குழைத்த சேற்றை அப்பி ஊறவைத்து, அவித்து, நெடுஞ்சாலைக் கடைகளுக்குப் போடுகிறவள். அவளுடைய உப்பு முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவில் எண்ணெய் கசியும். அதனால் பெயர் வந்தது. லாபம் மட்டும் அவளுக்கு முட்டை விற்கிறவர்களிடமே நின்றுவிட்டது. கணவன் ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடை வைக்கப் போனவன், பல வருடங்களாக இன்னும் வைத்துக்கொண்டே இருக்கிறான்.

மகள் ராஸ்தி பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். ஊரில் அந்த வயதுப் பெண்களுக்கு இரண்டே திசை: கல்யாணம், அல்லது தைவானில் வீட்டு வேலை. மூன்றாவதாக ஒரு திசையைக் கஸ்மினி கண்டுபிடித்தாள். சொந்தமாக வாத்து வளர்த்தால் முட்டை வெளியே வாங்க வேண்டாம்; வாத்தை மகள் பார்த்துக்கொள்வாள், உப்பைத் தான் பார்த்துக்கொள்ளலாம். மகள் வீட்டோடு இருப்பாள். கடன் வாங்கியது அதற்காகத்தான்.

முட்டையிடும் பருவத்து வாத்துகளை வாங்கவே அவள் நினைத்தாள். முதல் தடவைக் கடனுக்கு உச்சவரம்பு உண்டு என்றார்கள். அந்த வரம்புக்குள் குஞ்சுகள்தான் கிடைத்தன. குஞ்சு வளர்ந்து முட்டை வைக்க ஆறு மாதமாகும். தவணையோ அடுத்த செவ்வாயே தொடங்கும்.

"தம்பி, முட்டை வச்ச பிறகு கட்ட ஆரம்பிக்கிறேனே. வேணும்னா கொஞ்சம் கூடவே கட்டுறேன்" என்று கேட்டுப் பார்த்தாள்.

ஹெந்த்ரோ நல்ல பையன். கைப்பேசியை அவள் பக்கம் திருப்பியே காட்டினான். "பாருங்கம்மா, ஆரம்பத் தேதியை அதுவே போட்டுக்குது. மாத்துறதுக்கு இதுல இடமே இல்ல."

ஆக, உலகத்து வாத்துகளெல்லாம் வாரா வாரம் வளர்ந்து வாரா வாரம் விற்பனையாகும் என்று எங்கேயோ குளிர்சாதன அறையில் முடிவாகியிருந்தது. வாத்துகளுக்கு அதைத் தெரியப்படுத்த ஆளில்லை.

ராஸ்தி குஞ்சுகளைத் தொண்டைக் குரலில் ஒரு சத்தம் போட்டு அழைப்பாள். அத்தனையும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வரும். அறுப்பு முடிந்த வயல்களுக்குக் காலையில் ஓட்டிப்போய்ச் சாயங்காலம் சேற்றுக் காலோடு திரும்புவாள். அந்த மாதங்களில் கஸ்மினி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில், பாட்டு முணுமுணுத்ததுண்டு.

தவணை எங்கிருந்து வந்தது? முட்டை வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து. முட்டை குறைவாக வாங்கியதால் ஊறப்போட்டது குறைந்தது. கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள். தொழிலை வளர்க்க வாங்கிய கடன், இருந்த தொழிலைத் தின்று தானும் வாத்துகளோடு வளர்ந்தது.

ஒரு செவ்வாயன்று அவளிடம் பாதித் தவணைதான் இருந்தது. பத்துப் பேர் பணமும் சேரும்வரை பாயைவிட்டு யாரும் எழக்கூடாது. முந்தின தடவை மற்றவர்கள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு அடுப்பில் குழம்பு, ஒருத்திக்குப் பள்ளியில் பிள்ளை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"ஏண்டி கஸ்மினி, உன் வாத்து முட்டை போடுற வரைக்கும் நாங்க இந்தப் பாயிலேயே அடைகாக்கணுமா?" என்றாள் துரிபா.

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்மினியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கண் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவைக் கூப்பிட வந்த ராஸ்தி மட்டும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கடைசியில் கஸ்மினி காதுத் தோட்டைக் கழற்றித் துரிபாவிடம் கொடுத்து மீதியை வாங்கிக் கட்டினாள்.

அன்று சாயங்காலமே வாத்து வியாபாரி தார்சோனோ வந்தான். ஒரு பெட்டையைத் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்து எலும்பிடையில் விரலை வைத்துப் பார்த்தான். இரண்டு விரல் இடம் விட்டிருந்தது. இன்னொன்றைப் பிடித்தான். அதிலும் அப்படியே.

"வாங்குறவன் சொல்லக்கூடாதுதான்" என்றான். "எலும்பு விலகிருச்சு அக்கா. மூணே வாரத்துல முட்டை வச்சிரும். பொறுத்துக்க."

"செவ்வாக்கிழமை பொறுக்காதுப்பா."

அவன் அதற்குமேல் நியாயம் பேசவில்லை. விலையையும் நியாயமாகப் பேசவில்லை. கூடைகளில் ஏற்றும்போது வாத்துகள் கலைந்து ஓடின. பிடிக்க முடியாமல் திணறினார்கள். ராஸ்தி கொல்லையிலிருந்து வந்து அந்தத் தொண்டைச் சத்தத்தைப் போட்டாள். அத்தனையும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவளே கூடையில் வைத்தாள்.

அந்தப் பணம் தீவனக் கடை பாக்கிக்கும், தோட்டை மீட்கவும், சில தவணைகளுக்கும் போனது. தவணை இன்னும் பாதிக்குமேல் இருந்தது. ஒருநாள் சோறு தின்றுகொண்டே ராஸ்தி, தைவான் ஏஜென்சிக்கு ஆள் சேர்க்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே வீட்டுக்கு முன்பணம் தருவார்களாம்.

கஸ்மினி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தாத்தாவைப் பாத்துக்கிறதும்மா. படுத்த படுக்கையாம். பேசவே மாட்டாராம்" என்றாள் மகள். "வாத்தைவிடச் சுலபம்."

வேண்டாம் என்று கஸ்மினி சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள், மறுநாள் திங்கள், அதற்கடுத்தது செவ்வாய் என்பது நினைவுக்கு வந்தது. "சோத்தைத் தின்னு" என்று மட்டும் சொன்னாள்.

ராஸ்தி போனபின் கஸ்மினி மறுபடி முட்டை வாங்கி ஊறப்போட்டாள். தார்சோனோதான் கொண்டுவந்து போட்டான். எந்த வாத்து முட்டை என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒருதரம் அவன் பட்டிப்பக்கம் போனபோது வேலி ஓரம் நின்று, மகளின் அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். தொண்டை சரியாக வரவில்லை. ஒரு வாத்தும் திரும்பவில்லை.

ஆண்டு முடிவில் நிறுவனத்தின் பெரிய அதிகாரி வந்தார். ஒரு தவணைகூடத் தவறாத சிறந்த உறுப்பினர் என்று கஸ்மினியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சிறு கடன் எப்படி ஒரு குடும்பத்தை உயர்த்துகிறது என்பதற்கு இந்த அம்மையாரே சாட்சி என்றார் அதிகாரி. ஒரே ஆண்டில் இவர் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், குடும்ப வருமானம் பல மடங்கு, இதுவே வளர்ச்சி என்றார். மற்ற ஒன்பது பெண்களும் கைதட்டினார்கள். துரிபாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் செய்தாள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். கஸ்மினி நன்றி என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏஜென்சி தந்த முன்பணமும் கடன்தான். ராஸ்தியின் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே பிடிக்கிறார்கள்.