பழுதாகாத டயமண்ட்

கொழும்பில் ஏழு மாடி வைத்திருந்த பெரிய மென்பொருள் கம்பனி அது. கடைகளில் பில் போடுவதற்கென்று இரண்டு மென்பொருள்களை விற்றது. ‘ரோஸ்’ வாரத்துக்கு இரண்டு தரம் அசையாமல் நின்றுவிடும். மலைநாடு முழுக்க அதுதான் ஓடியது. கண்டிக் கிளையில் யோகேந்திரன் எழுதிய ‘டயமண்ட்’ ஒருநாளும் நின்றதில்லை. அதை வாங்கியவர் கெலிஓயாவில் இரும்புக்கடை வைத்திருந்த கறுப்பையா ஒருவர்தான். அவரும் தொலைபேசியில் ரோஸ் கேட்டார். “ஒங்க சாமான் ரொம்ப நல்லா இருக்குங்க. அதான் வேணாம்.”

கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கிய வேலை. யோகேந்திரனின் முகம் வாடிவிட்டது.

முகாமையாளர் மர்சூக் தலைமையகத்தின் தீர்மானத்தைச் சொன்னார். “பழுதாகிற ரோஸ்தான் விக்கிதாம். மாசம் முடிய முந்தி டயமண்டும் பழுதாகோணுமாம். இல்லாட்டி அத நிப்பாட்டுறாங்களாம். மனிசன் செஞ்ச சாமான்ல கொறை ஈக்கத்தானே வேணும்? சின்னதா ஒண்டு போடுங்களேன் தம்பி.”

யோகேந்திரன் மல்லுக்கட்டி ஒரு பிழை எழுதினார். ஆண்டவன் தந்த கை அல்லவா, அதுவும் திறமாக அமைந்துவிட்டது. டயமண்ட் நேரம் தவறாமல் நின்றது, மன்னிப்புக் கேட்டது, பிறகு தானே சரியாகிவிட்டது.

மர்சூக் தலையில் கைவைத்தார். “பிழையக்கூட பிழையாச் செய்யத் தெரியாதா ஒங்களுக்கு?”

யோகேந்திரன் கெலிஓயாவுக்கு பஸ் ஏறிப்போய்க் கறுப்பையாவிடமே கேட்டார். “என்ன குறை கண்டனீங்கள், ஐயா?”

“கொறையே இல்லீங்க, அதான் கொறை. பக்கத்துக் கடையப் பாருங்க. ரோஸ் நின்னுச்சுன்னா ஒங்க ஆளு வர்றாரு. மெசின அணைச்சுப் போடுறாரு, வடை திங்கிறாரு, புள்ளைங்கள விசாரிக்கிறாரு. எண்பத்து மூணு கலவரத்துல இந்தக் கடைய எரிச்சாங்க. திரும்பக் கட்டுனோம். அதுக்கப்புறம் வர்றவங்க ஒண்ணு ஆணி கேப்பாங்க, இல்லாட்டி ஐடென்டிட்டி கார்டு கேப்பாங்க. சும்மா வர ஆளில்ல.”

யோகேந்திரன் கதிரையில் உட்கார்ந்தார். “அப்ப நான் சும்மா வாறன். ஒவ்வொரு செவ்வாயும்.”

“ஒண்ணும் ஒடையாமலா?”

“உடையாமல்தான்.”

அன்றே தான் எழுதிய பிழையை அழித்துவிட்டார்.

அடுத்த செவ்வாய், சோதனைச் சாவடியில் சிப்பாய் பஸ்ஸை மறித்து, கம்பனி அட்டையைப் பார்த்து, எதைத் திருத்தப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். ஒன்றும் பழுதில்லை, தேநீர் குடிக்கப் போகிறேன் என்றார் யோகேந்திரன். இதைவிடச் சந்தேகமான பதிலைச் சிப்பாய் கேட்டதில்லை. இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டான். சேதி அறிந்த கறுப்பையா பிளாஸ்கோடு ஓடிவந்தார். முதல் கோப்பையைச் சிப்பாய்க்கே நீட்டினார். அவன் குடித்தான். பிறகு மூவரும் குடித்தார்கள்.

திருத்த ஒன்றும் இல்லாததால் யோகேந்திரன் அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் ஆறுதலாக இருந்து கதைத்தார். ரோஸ்காரருக்கு அந்த நேரம் ஏது? அதற்குள் அடுத்த கடையில் ரோஸ் நின்றிருக்கும். மாதம் முடிவதற்குள் கெலிஓயாக் கடைத்தெருவே டயமண்ட் கேட்டது.

மர்சூக் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தார். “கொழும்பில ஒரே புகழ்ச்சி! நீங்க போட்ட பழுது அருமையாம். அத ஒருத்தரும் தொடப்படாதாம்.”

“பழுதே இல்லையே. நான் அதை எடுத்திட்டனே!”

“சத்தம் போடாதீங்க தம்பி. இண்டைக்குச் செவ்வாய். ஓடுங்க, பஸ் போயிடும்.”