ஒட்டுப்படத்தில் இரண்டான செல்லப்பாண்டி

1964ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்த செல்லப்பாண்டி இரண்டு பேராக வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மனைவி முருகம்மாள் இரண்டு தட்டு வைத்தாள். தப்பு தன்னுடையது என்பது மாஹிமில் ஸ்டூடியோ வைத்திருந்த சந்தியாகுவுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

ஷெட் முதலாளி ஜஹாங்கீர் சேட்டுக்கு, காயப்போட்ட தோல்களை ஒவ்வொன்றாக எண்ணும்படி, ஷெட் முழுவதும் ஒரே நீளப் படமாக ஆபீஸ் சுவரில் இருக்க வேண்டும். சந்தியாகு ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஸ்டாண்டை நிறுத்தி, தூரத்தைப் பக்கத்தில் காட்டும் முழநீள டெலி லென்ஸை மாட்டி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆறு படம் எடுத்தார். மூன்றாவது படத்தில் செல்லப்பாண்டி ஷெட்டை ஒட்டியிருந்த தன் வீட்டுக் கூரைமேல் தார்ப்பாய் கட்டியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவதில் கீழே நின்ற முருகம்மாளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டையும் ஒட்டும்போது, பின்னாலிருந்த ஷெட்டின் புகைபோக்கியைச் சேர்த்தால் முன்னாலிருந்த கூரை இரண்டாகியது. கூரையைச் சேர்த்தால் புகைபோக்கி இரண்டாகியது. புகைபோக்கியில் சேட்டின் பெயர் எழுதியிருந்ததால் சந்தியாகு அதைச் சேர்த்து ஒட்டினார்; கூரையோடு செல்லப்பாண்டியும் இரண்டானான்.

வெட்கம் தாங்காமல் மறுபடி மாடியேறினார். கைப்பிடிச் சுவரோரம் ஒரு மூங்கிலைப் புகைபோக்கிக்கு நேராகக் கட்டி, கேமராவைத் திருப்பிப் பார்த்தார். மூங்கில் விலகியது. கேமரா சுழல்வது ஒரு இடத்தில், பார்ப்பது வேறொரு புள்ளியிலிருந்து என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆசாரியிடம் சொல்லி நீளவாக்கில் பள்ளமாகக் காடி வெட்டிய பலகை ஒன்று செய்து, கேமராவை அதன்மேல் விரல்கடை விரல்கடையாக நகர்த்தினார். பதினோராம் நாள், எப்படித் திருப்பினாலும் மூங்கில் புகைபோக்கியைவிட்டு அசையவில்லை. இனிப் புதிதாக எடுத்து ஒட்டினால் ஒருவர்தான் இருப்பார் என்று முருகம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். முருகம்மாள் நாலு மாடியும் ஏறி வந்தாள்.

"எந்த ஒருத்தர் அண்ணாச்சி?"

"நீ யாரச் சொல்லுதியோ அவரு."

அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள். "ரோட்டப் பாக்கவியதான் எனக்குத் தாலி கட்டுனவிய. சிரிக்கவிய வந்து பதினோரு நாளுதான் ஆவுது. இதுல நான் யாரப் போவச் சொல்ல?"

சந்தியாகு இரண்டு பேரையும் கூரையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். ஒட்டே தெரியாத அந்தப் படத்தில் சேட் தோல்களை எண்ணிச் சரி என்றார். பழைய படத்தை முருகம்மாள் வாங்கிப் போய் வீட்டுச் சுவரில் மாட்டினாள். மழைக்காலத்தில் ஒட்டு விட்டுப்போகும்போது சிரிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். சந்தியாகு பசைக் கிண்ணத்தோடு போய் ஒட்டிவிட்டு வருவார். ஒருவன் ஷெட்டுக்குப் போனால் மற்றவன் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தான். 1967 தேர்தலில் ஒருவன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது, இன்னும் வரிசையிலேயே நின்ற மற்றவன் விரலிலும் மை இருந்தது. சாவடி அதிகாரி இரண்டு விரல்களையும் பார்த்தார். செல்லப்பாண்டி பெயரில் ஓட்டு ஒன்றுதான் விழுந்திருக்கிறது என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.