செல்வம்மாளுக்கு ஏழு பட்டை

கோட்டைக்குப்பத்துச் செல்வம்மாள் செத்தபோது முப்பத்தெட்டுக் கிலோ இருந்தாள். அடுத்த ஆடிக்குள் இரண்டு குவிண்டாலைத் தாண்டிவிட்டாள். பொன்னேரி நெல் மில்லின் எடைமேடையில் வண்டியோடு நிறுத்தி, வண்டியின் எடையைக் கழித்துப் பார்த்த கணக்கு இது. வண்டி என்றால், பின்புறம் நீண்டு கூடைகளுக்கு இடம் விட்ட பழைய அம்பாசிடர் எஸ்டேட். இறாலுக்குத் தங்கம்போல விலை கிடைத்த காலத்தில், மீன்கூடை நாறுகிறது என்று ஒரு பஸ் கண்டக்டர் அவளை நடுவழியில் இறக்கிவிட்டார். அந்தக் கோபம் தணிவதற்குள் ஆரம்பாக்கத்து டாக்டர் ஒருவரிடமிருந்து அதை வாங்கிவிட்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. பின்சீட்டில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்து ஓட்டுகிறவரைத் திட்டுவது மட்டுமே அவள் வேலை. மூன்று டிரைவர்கள் ஓடிப்போனார்கள். நான்காவதாக ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவளுடைய மகன் பூவரசனைக் கட்டிக்கொண்டு வந்த காந்தா. மருமகள் என்பதால் அவளால் ஓடிப்போக முடியவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் தினமும் விடிகாலையில் இறாலும் நண்டும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனார்கள். போகும்போது கியர் போட்டதில் ஆரம்பிக்கிற சண்டை, வரும்போது காந்தாவின் அம்மா வீட்டுச் சீர்வரிசையில் வந்து நிற்கும். பூவரசன் இதில் எந்தப் பக்கமும் சேராதவன். வீட்டில் குரல் உயர்ந்தால், காற்று சரியில்லாத நாளாக இருந்தாலும் வலையை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்குப் போய்விடுவான். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செல்வம்மாள் போய்ச்சேர்ந்தாள். கருமாதி முடிந்த மறுநாள் காந்தா வண்டியை எடுத்தபோது இடது பின்பக்கம் லேசாக இறங்கியது. பின்னாலிருந்து, கிளட்சை மிதிக்கிறாயா மாவு மிதிக்கிறாயா என்று ஒரு குரலும் வந்தது. காதில் ஊறிப்போன இரைச்சல், போகப் போக வடிந்துவிடும் என்று காந்தா நினைத்தாள். ஆனாலும் வழக்கம்போல பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

இரைச்சல் வடியவில்லை. வண்டிதான் மாதா மாதம் தாழ்ந்தது. ஆடி மாதம், இரண்டே இரண்டு நண்டுக்கூடையோடு போகும்போது, இடது பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பட்டைக் கட்டில் மேல்பட்டை படீரென்று முறிந்தது. பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ராஜவேலு ஜாக்கியைப் போட்டார். வலது பக்கம் ஏறியது, இடது பக்கம் அசையவில்லை. லாரி ஜாக்கியைக் கொண்டுவந்தார், அதன் எண்ணெய்தான் பீய்ச்சியடித்தது. பக்கத்தில் நின்றிருந்த பூவரசன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, "யம்மா, செத்த எறங்கேன்" என்றான். ஜாக்கி ஏறியது. ராஜவேலு கையைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லிவிட்டார். விஷயம் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஊர் இரண்டு நாள் பேசியது. எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுபோனது அந்தப் பேச்சின் முடிவில்தான். பிறகு ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்தவர். சேவலை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். கோயில் தேர் நிற்கிற தேர்முட்டிவரை போவதற்குள் இறங்கிவிட்டார், கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. பேயென்றால் ஓட்டலாம், இது மாமியார், தன் துறையே வேறு என்று சொல்லிவிட்டுச் சேவலோடு நடந்தே போனார். ஆக, செய்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றுதான், புதுப் பட்டை வாங்குவது.

காந்தாவும் ராஜவேலுவும் பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று செட் எடுத்துப் போட்டார். ஒன்று அந்த வண்டிக்கே உரிய ஐந்து பட்டைக் கட்டு. தொட்டில்போல ஆடும், ஆனால் பாரம் தாங்காது. இரண்டாவது டாக்ஸிகளுக்குப் போட்ட ஏழு பட்டை. மூன்றாவது மினி லாரியிலிருந்து கழற்றி அளவுக்கு வெட்டிய பத்து பட்டை, ஒவ்வொன்றும் விரல் கனம். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். ஒரே ஆள், இரண்டு குவிண்டால் என்றாள் காந்தா. கல்யாண சமையல்காரரா என்று விசாரித்தார். மாமியார் என்றதும் அவர் முகத்தில் ஓர் அனுதாபம் வந்தது, ஏழு பட்டை போதும் என்று சொன்னார். ராஜவேலு ஒத்துக்கொள்ளவில்லை. லாரிப் பட்டையைத் தட்டிக்காட்டி, யானை ஏறினாலும் அசையாது, ஆனால் உட்கார்கிறவருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றார். அதை அவர் குறையாகத்தான் சொன்னார். காந்தா அதைக் கேட்டதும் லாரிப் பட்டையைக் கட்டச் சொல்லிவிட்டாள்.

பட்டை ஏறியதும் வண்டியின் பின்புறம் முட்டையிடப் போகிற வாத்துபோலத் தூக்கிக்கொண்டது. சாலையில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது. ஐஸ் தூளானது, நண்டுகள் தாமாகவே கொடுக்கைக் கழற்றிக்கொண்டன, முன்சீட்டில் கூட வந்த பக்கத்து வீட்டு முனியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் கஞ்சி குடித்தாள். பின்சீட்டுக் குரல் மட்டும் ஓயவில்லை, குலுங்கிக் குலுங்கித் திட்டியது. ஒருநாள் மெதூருக்கு முன்னால், வயல்களுக்கு நடுவே இருக்கிற வேகத்தடை வந்தது. காந்தா அதைப் பார்த்தாள். பிரேக்கில் கால் வைக்கவில்லை. வண்டி துள்ளியது, இடது பின்கதவு திறந்தது, நெல்மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தபோது சாலையில் யாரும் தெரியவில்லை, தாரில் ஒரு குழி மட்டும் விழுந்திருந்தது. காந்தா நிறுத்தவில்லை, பொன்னேரிவரை பாடிக்கொண்டே போனாள்.

பத்துப் பதினைந்து நாள் அவள் உடம்பு காற்றாக இருந்தது. பிறகு ஒன்று புரிந்தது. மார்க்கெட்டில் யாராவது விலையை அடித்துக் கேட்டால் அவளுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. முன்பெல்லாம் வழியெல்லாம் சண்டை போட்டுத் தீட்டின நாக்கோடு போய் இறங்குவாள், வியாபாரிகள் தள்ளி நிற்பார்கள். இப்போது அதே ஆட்கள் அவளைத் தங்கச்சி என்று அழைத்துப் பாதி விலைக்கு இறாலை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு தரகன் அவளுக்கு ஆறுதல்கூடச் சொன்னான். அன்றைக்குத் திரும்பும்போது காந்தா காலி வண்டியில், "ஆமா, தெரியும், நீ சொல்லத் தேவல" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு யாரும் எதுவும் சொல்லாதது என்னவோ மாதிரி இருந்தது.

மெதூர்ப் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. அந்தக் குழியை இரண்டு முறை ஜல்லி போட்டு மூடினார்கள், காலையில் மறுபடி குழியாக இருந்தது. ஒதுங்காத பஸ்களுக்கு வசவு விழுந்தது. சாலையோரத்து வயல்காரர் தருமன் பொறுமைசாலி, ஆனால் நாற்று நடுகிற நேரத்தில் வரப்பு கோணல், தண்ணீர் அதிகம், ஆள் சோம்பேறி என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க அவராலும் முடியவில்லை. இத்தனைக்கும் அந்த அம்மா சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. கோட்டைக்குப்பத்துக்கு ஆள் அனுப்பி, உங்கள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

காந்தா மறுநாள் மார்க்கெட் முடிந்து திரும்பும்போது குழிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். பின்கதவைத் திறந்துவிட்டு ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு, அத்த."

"எப்டிடி ஏறுவேன்? மலையாட்டம் கீது. நான் இன்னா ஆடா, தாவிக் குதிக்க?"

 வரப்பில் நின்ற தருமன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை, வெட்டவும் இல்லை.

"அன்னிக்கி நான் பிரேக்கு போடல" என்றாள் காந்தா.

"தெரியும். பாத்துனுதான் இருந்தேன். நானா இருந்தா ரிவர்ஸும் எடுத்திருப்பேன்."

காந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்ததால் முந்தானையால் இரண்டையும் துடைத்துக்கொண்டாள். பட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன், எது வேண்டும், நீயே சொல் என்று கேட்டாள். செல்வம்மாளுக்கு இரும்பைப் பற்றித் தெரியாது, ஆனால் தன் இடத்தைப் பற்றித் தெரியும்.

"லெஃப்ட்டுல கட்டியா போடு. ரைட்டுல லேசானதே போதும். அந்தாண்ட யாரு கீறாங்க, நான் ஒருத்திதான?"

இதை ராஜவேலு ஏற்றுக்கொள்ளச் சிரமப்பட்டார். ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் ஐந்து என்று போட்டால் வண்டி சாயும், பார்க்கிறவர்கள் தன் தொழிலைப் பழிப்பார்கள் என்று வாதாடினார். முப்பது வருஷ அனுபவத்தை எடுத்துச் சொன்னார். அந்த அனுபவம்தான் லாரிப் பட்டையைத் தட்டிக்காட்டியது என்று காந்தா நினைவுபடுத்தியதும் ஸ்பேனரை எடுத்தார். போட்டு முடித்தபோது அவர் சொன்னபடியே வண்டி வலது பக்கம் சாய்ந்து, இடுப்பில் குடம் வைத்தவள்போல நின்றது. காந்தா அதை அப்படியே மெதூருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. வண்டி நிமிர்ந்து, ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம்போல நின்றது. தருமன் குழியில் இரண்டு கூடை மண்ணைப் போட்டார், அது அப்புறம் இறங்கவே இல்லை. வண்டி கிளம்பும்போது உள்ளே யார் குரல் ஓங்கியிருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே மார்க்கெட்டில் விலை பழையபடி ஆனது. ஆறுதல் சொன்ன தரகன் இப்போது எதிரே வருவதில்லை.

வண்டியின் தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போனபோது, வண்டி சாய்ந்திருக்கிறது என்று அதிகாரி கையெழுத்துப் போட மறுத்தார். காற்றாட இறங்கியிருந்த செல்வம்மாளை ஏறச் சொன்னாள் காந்தா. வண்டி நேரானது. அதிகாரி சுற்றிவந்து பார்த்து, பின்சீட்டில் உட்கார்கிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோட்டைக்குப்பத்தில் இப்போது காலையில் பெண்கள் முதலில் வண்டியைத்தான் பார்ப்பார்கள். சாய்ந்து நின்றால் கூடையை இறக்கிவைத்துவிட்டு டீ குடிப்பார்கள். நேராக நின்றால் ஏறிவிடுவார்கள்.

ஏழு பட்டைக் கட்டு வாங்கப் போனபோது கடைக்காரர் ஒற்றையாகத் தர முடியாது, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். மிஞ்சிய கட்டை காந்தா கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தபோது, யாருக்கு என்று பூவரசன் கேட்டான். "எனக்கு" என்றாள். அவன் வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். இந்தத் தை மாதம் அவர்கள் மகன் வினோத்துக்குக் கல்யாணம் ஆனது. பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து வந்த மருமகள் அம்பிகா லைசென்ஸ் வைத்திருக்கிறாள், முதல் வாரமே சாவியை வாங்கிக்கொண்டாள். காந்தா பின்சீட்டுக்குப் போய் வலது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அம்பிகாவுக்கு இப்போது இரண்டு ஜன்னலிலிருந்தும் திட்டு விழுகிறது. வலது பக்கம் இன்னும் ஐந்து பட்டைதான். காந்தா அறுபத்திரண்டு கிலோ, இப்போதைக்கு அது தாராளம்.