மூன்றாம் தேதிக்குப் பின் இறந்தவர்கள்

போர் எப்போது முடிந்தது என்பதில் ஊருக்குள் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. இறப்புப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதில் குழப்பமே இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான மூன்றாம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு துப்பாக்கியாலோ கண்ணிவெடியாலோ யார் செத்தாலும், காரணம் என்ற கட்டத்தில் 'விபத்து' என்றுதான் எழுத வேண்டும். சுற்றறிக்கை அப்படி.

நான்கு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் பால் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி விளையாடிய அவருடைய மகள், மண்ணுக்குள் கிடந்த குண்டு வெடித்து இறந்து பதினோரு நாளாகியிருந்தது. படிவத்தில் காரணம் 'போர்' என்று அவரே எழுதியிருந்தார். அழுத்தியதில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"இதை மாத்தணும் அண்ணே. போர் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. விபத்துன்னுதான் போட முடியும்."

"விபத்துன்னா என் வேன் கவுந்து செத்திருக்கணும் மேடம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "யாரையோ கொல்லத்தானே அந்தக் குண்டைப் போட்டாங்க? இப்ப கொன்னுடுச்சு. உங்களுக்கெல்லாம் போர் முடிஞ்சிருக்கலாம். எங்க வீட்டுக்கு இந்த மாசம்தான் வந்துச்சு."

குமாஸ்தாவின் தம்பி செத்தது ஒப்பந்தத்துக்கு மறுநாள், நான்காம் தேதி காலை. ஒன்பது மாதம் பதுங்கியிருந்தவன், ஒப்பந்தம் ஆகிவிட்டது என்ற தைரியத்தில் முடிவெட்டிக்கொள்ளக் கடைத்தெருவுக்குப் போனான். செய்தி போய்ச் சேராத ஒரு காவலரணிலிருந்து சுட்டுவிட்டார்கள். பதிவேட்டில் அவள் மூன்றாம் தேதி என்று எழுதினாள். அவன் விபத்தில் போய்விட்டான் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பால் வேன்காரரின் படிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, பதிவேட்டிலும் 'போர்' என்றே எழுதினாள்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். ஒரு கமா விட்டுப்போனாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் அவருக்குக் 'கமா சார்' என்று பெயர்.

"என்னம்மா இது? சுற்றறிக்கை தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். அதுக்காக என் தம்பி செத்த தேதியையே மாத்தி எழுதினவ நான். இந்தப் பிள்ளைக்கும் பொய் எழுத முடியல."

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி விஷயம் என் காதுல விழல," என்றார். "ஆனா இது மேல போற பதிவேடு." சிவப்பு மையால் அடித்து, 'விபத்து' என்று அவரே எழுதினார். அந்த வாரமே அவளைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள்.

சான்றிதழைத் தபாலில் விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுபோனாள். சிறுமியின் அம்மா வாங்கி, விரல் வைத்துப் படித்தாள். காரணத்தில் விரல் நிற்கவில்லை.

"ஏழு வயசுன்னு போட்டிருக்கு. அவளுக்கு இன்னும் ஏழு ஆகல."

பால் வேன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். குமாஸ்தா உட்கார்ந்தாள். அதிகாரி அடித்துத் திருத்தியதைச் சொன்னாள். பிறகு, கேட்காமலே, தம்பி செத்தது எந்தத் தேதி என்பதையும் சொன்னாள். கொல்லைப்புறத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கிளம்புவதற்குள் இன்னும் இரண்டு எடுத்துவிட்டார்கள்.