மஞ்சள் கையுறை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரூபினி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே நாற்காலியில் அவளுடைய அண்ணன் குணாளன், தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையோடு, மடிக்கணினிக்கு முன்னால். கேமராவுக்குத் தெரியாத தாழ்வில் அவள் மடியில் ஒரு வெள்ளைப் பலகை, கையில் மார்க்கர். நேர்காணல் அண்ணனுக்கு. பதிலைத் தங்கை எழுத வேண்டும், அண்ணன் வாசிக்க வேண்டும். இப்படி ஒரு கேடுகெட்ட ஏற்பாட்டுக்கு எப்படித் தலையாட்டினோம் என்று அவளுக்கு அவள் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

வேலை கூலிம் என்ற ஊரில். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைக் கேமரா வைத்துப் பார்த்து, எது பழம், எது காய், எது அழுகல் என்று கணினியையே தரம் பிரிக்க வைக்கும் கம்பெனி. அந்த வேலையைத்தான் ரூபினி நான்கு வருடமாக வெறும் கண்ணால் செய்துகொண்டிருக்கிறாள். செர்டாங்குக்கு வெளியே, சிறு தோட்டக்காரர்கள் லாரியில் குலைகளைக் கொண்டுவந்து கொட்டுகிற ராம்ப்பில், வெயிலில் நின்று. கருத்திருந்தால் காய், சிவந்து உதிர்ந்தால் பழம், மூக்கைப் பிடிக்க வைத்தால் அழுகல்.

டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் என்று பத்து மாத இணைய வகுப்பு. டவுனில் ஒரு சங்கம் வீட்டுக்கு ஓர் இடம் இலவசமாகக் கொடுத்தது. வீட்டுக்கு ஓர் இடம் என்றால் அது யாருக்குப் போகும்? கேட்பானேன்! அம்மா பிரேமாவதி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அண்ணன் பேரைக் குடுத்துட்டேன்மா. ஆம்பளப் பிள்ள, நாளைக்கு ஒரு நல்ல கெர்ஜா, ஆபிஸ் வேலை கிடைச்சா குடும்பத்துக்குத்தானே” என்றாள். ரூபினி அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அது முதல் தப்பு.

குணாளன் மூன்று வாரம் படித்தான். நான்காவது வாரம் பைத்தான் நிரல் எழுதச் சொன்னதும் தலைவலி வந்துவிட்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போகப் புறப்பட்டால் அப்படித்தான் ஆகும். கடவுச்சொல்லைத் தங்கையிடம் கொடுத்து, “நீ வேணும்னா பாரு லா, வேஸ்ட்டா போகுது” என்றான். அவள் பார்த்தாள். ராம்ப்பில் மதிய இடைவேளையில், பஸ்ஸில், அம்மா சீரியல் பார்க்கும்போது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. புரியாத பாடத்தை ஏழு தடவை, எட்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பத்து மாதம். சுமந்து பெற்றவள் அவள். சான்றிதழ் வந்தபோது அதில் இருந்தது ‘குணாளன், காளிதாசன் மகன்’.

பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: பதிவு செய்த பெயரை மாற்ற இயலாது, உங்கள் கற்றல் பயணத்திற்கு வாழ்த்துகள். வாழ்த்தாம் வாழ்த்து! அம்மா சான்றிதழை பிரேம் போட்டு சாமி படங்களுக்குக் கீழே மாட்டினாள். அக்கம்பக்கத்தில் இனிப்பு கொடுத்தாள். ரூபினி வாய் திறந்தபோது, “யார் பேர்ல இருந்தா என்னடி, நம்ம வீட்டுக்குத்தானே வருது?” என்றாள்.

“அப்ப என் கல்யாணப் பத்திரிகையிலயும் அண்ணன் பேரையே போட்டுருங்க. நம்ம வீட்டுக் கல்யாணம்தானே?” என்றாள் ரூபினி. அன்று முழுக்க அம்மா அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த நேர்காணல். “நான் உள்ள போயிட்டா உன்னை இழுத்து விட்டுருவேன் ரூபி, சத்தியமா” என்று அண்ணன் கையைப் பிடித்தான். அம்மா கண்ணைக் கசக்கினாள். ரூபினி இறங்கி வந்தாள். தரைவரைக்கும் இறங்கி வந்தாள்.

கணினிக்குள் இருந்து ஒரு பெண் குரல். பெயர் ஸல்மா என்றும், பினாங்கில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றும், தமிழிலேயே பேசலாம் என்றும் குரல் சொன்னது. முதல் மூன்று கேள்விகள் சுலபமானவை. ரூபினி எழுதினாள், குணாளன் வாசித்தான். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான். மூன்றாவது பதிலுக்கு அவன் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, ஏதோ சொந்தமாக யோசித்ததுபோல மோவாயைத் தடவிக்கொண்டான். அந்த மோவாயை மார்க்கரால் கிறுக்கிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது.

“வகுப்புக்கு நீங்க செஞ்ச புரோஜெக்ட் பார்த்தேன் குணாளன்” என்றது குரல். “ரெண்டாயிரத்து அறுநூறு படம், எல்லாம் சொந்தமா எடுத்தது. நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு புரியல. உங்க குறிப்புப்படி முதல்ல செஞ்ச மாடல் நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியாச் சொல்லுது. ரெண்டாவது எண்பத்து நாலுதான். நீங்க ரெண்டாவதைக் குடுத்திருக்கீங்க. நல்லதை விட்டுட்டு ஏன் மோசமானதைக் குடுத்தீங்க?”

மார்க்கர் பலகையைத் தொட்டு நின்றது.

அந்தப் பதிலை எழுத அவளுக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது மூன்று வாரம். குலையின் அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் தன் இடது கையை வைத்துத்தான் அவள் படம் எடுத்தாள். முள் குத்திச் சீழ்பிடித்து, ஆள்காட்டி விரலில் பாதி நகம் போன கை. அழுகல் குலையை மட்டும் வெறுங்கையால் தொட முடியாமல் மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாள். மாடல் தொண்ணூற்றேழு என்றபோது ராம்ப்பிலேயே குதித்தாள். மறுநாள் கையுறையைக் கழற்ற மறந்து ஒரு நல்ல பழக்குலையைப் படம் எடுத்தாள். மாடல் அழுகல் என்றது. காயைக் காட்டினாள். அழுகல். கையுறையை மட்டும் தனியாகத் தரையில் வைத்துக் காட்டினாள். அதையும் அழுகல் என்றது. அந்த மாடல் குலையைப் பார்க்கவே இல்லை. மஞ்சளைத்தான் பார்த்திருக்கிறது.

யாருக்கும் தெரிந்திருக்காது. தொண்ணூற்றேழையே அனுப்பியிருக்கலாம். அவள் அனுப்பவில்லை. அறுநூற்று நாற்பது அழுகல் படங்களையும் ஒதுக்கிவிட்டு, வெறுங்கையோடு மறுபடி எடுத்தாள். புழு நெளிகிற குலைகள். மூன்று வாரம் சோற்றில் கை வைத்தால் குமட்டியது, கரண்டியால் சாப்பிட்டாள். “என்னடி பெரிய இடத்துப் பொண்ணாட்டம்” என்று சிரித்தது இதே அண்ணன்தான்.

மேசைக்கு அடியில் அவன் கால் அவள் முழங்காலை உதைத்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. அவள் எழுதவில்லை.

“அது வந்து… டேட்டா ஜாஸ்தியாச்சு, அதான்…” என்று குணாளன் இழுத்தான்.

“ஜாஸ்தியாகலயே. ரெண்டுலயும் அதே எண்ணிக்கைதான். சரி, விடுங்க. எல்லாப் படத்துலயும் ஒரு கை இருக்கே, யாரோடது? உங்க கை மாதிரி தெரியலயே.”

“ஓ, அதுவா!” குணாளனுக்கு உயிர் வந்தது. “என் தங்கச்சி கை. ராம்ப்ல கூலி வேலை செய்யுது. அதுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம். சும்மா பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு, நான் படம் எடுத்தேன்.”

ரூபினி எழுந்தாள். வெள்ளைப் பலகை மடியிலிருந்து விழுந்து தரையில் சத்தம் போட்டது. அண்ணனின் தோளைத் தள்ளிவிட்டு, இடது கையை விரித்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். பாதி நகம் போன விரல் திரைக்கு நேராக நின்றது.

“இந்தக் கைதான் மேடம். கையுறையால மாடல் ஏமாந்துருச்சு. அழுகலுக்கு மட்டும் கையுறை போட்டிருந்தேன், அது மஞ்சளைப் பார்த்தே அழுகல்னு சொல்லப் பழகிடுச்சு. தொண்ணூத்தேழு பொய். எண்பத்து நாலுதான் உண்மை. படம் எடுத்தது நான். எது பழம், எது காய்னு பிரிச்சு எழுதினது நான். பத்து மாசம் படிச்சது நான். இவன் மூணு வாரம்.”

திரையில் முக்காடு போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த விரலையே பார்த்தார்.

“உங்க பேரு?”

“ரூபினி. காளிதாசன் மகள்.”

“ரூபினி, அந்த மூணு கேள்விக்கும் இவர் வாயால பதில் சொன்னது யாரு?”

அவளுக்குச் சுருக்கென்றது. “நான்தான்.”

“அப்ப நீங்களும்தான் என்னை ஏமாத்துனீங்க. எனக்கு அதுவும் கோபம்தான்.” ஸல்மாவின் குரல் உயரவில்லை. “குணாளன், உங்க நேர்காணல் முடிஞ்சது. ரூபினி, புதன்கிழமை பத்து மணிக்குக் கூலிம் ஆபிசுக்கு நேர்ல வாங்க. சர்ட்டிபிகேட் வேணாம். உங்க பேர் போட்ட அடையாள அட்டை, ஐசியும் அந்தப் படங்களும் கொண்டு வாங்க, அந்தத் தொண்ணூத்தேழு மாடலையும் சேர்த்து. என் முன்னால உட்கார்ந்து செஞ்சு காட்டணும். வேலை கிடைக்கும்னு நான் சொல்லல.”

திரை அணைந்தது.

“பாவி! அண்ணன் மானத்த வாங்கிட்டியேடி!” சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவன் மானத்தை நான் ஏன்மா வாங்கணும்? என் உழைப்பை அவன் வாங்கினானே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க? இனிப்புல்ல குடுத்துக்கிட்டு இருந்தீங்க!” ரூபினிக்கு அழுகை வந்தது, அதன் மேலும் கோபம் வந்தது. “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘ரூபினி படிச்சா’ன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நியாயம் சொல்பவளைப் போல, “சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. புதன்கிழமை அண்ணனையும் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்னு சொல்லிடு. அவங்களும் நம்ம பாஷை பேசுறவங்கதானே, புரிஞ்சிக்குவாங்க” என்றாள்.

குணாளன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் வெட்கம் இருக்கும் என்று ரூபினி நினைத்தாள். நம்பிக்கைதான் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சாமி படங்களுக்குக் கீழே இருந்த பிரேமை ஆணியிலிருந்து கழற்றினாள். அம்மா வைத்த குங்குமம் கண்ணாடியில் காய்ந்திருந்தது. இறங்கி வந்து அதை அண்ணனின் இரண்டு கையிலும் திணித்தாள்.

“இந்தா, உன் பேரு போட்டது. புதன்கிழமை நான் போயிட்டு வர்ற வரைக்கும் இதை வச்சிக்கிட்டு இங்கயே இரு. உனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். சும்மா பிடிச்சிக்கிட்டு நின்னா போதும்.”